கச்சேரிப் பதிவைப் பாட்டுப் பாட்டாக வெட்டினால் நடுவில் சுருதி அறுகிறது, என்ன வழி?

செந்தூல்வாசி:
வணக்கம். வாய்ப்பாட்டுக் கச்சேரிப் பதிவு ஒன்று, பாடியவர்கள் அனுமதியோடு மேடை மிக்ஸரிலிருந்து எடுத்தது. 2 மணி 50 நிமிடம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ். ரெக்கார்டர் அதை இரண்டு கோப்பாகக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றி, பிறகு ஓர் இலவச எம்பி3 கட்டரில் 14 துண்டாக வெட்டியாயிற்று.

இப்போது ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் தம்பூரா சட்டென்று நின்று மறுபடி வருகிறது. சில இடங்களில் 'டிக்' என்று ஒரு சத்தம் வேறு. கணினியில் வி.எல்.சி.யில் இப்படி, கார் ரேடியோவில் தம்ப்டிரைவ் போட்டால் மௌனம் இன்னும் நீளம், கைப்பேசியில் கொஞ்சம் குறைவு. கோளாறு கோப்பிலா, பிளேயரிலா? கிராஸ்ஃபேட் போட்டு மூடிவிடலாமா?

பிறை_பொறியாளர்:
இரண்டிலும்தான் தம்பி. தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் கோப்பு. எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளி, 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 48,000) கொண்ட ஃபிரேம்களாகத்தான், அதாவது கட்டுகளாகத்தான், அடுக்கும். ஒரு பாட்டின் நீளம் 1152-ஆல் மீதியில்லாமல் வகுபடுவது அபூர்வம். கடைசி ஃபிரேமில் இடம் மிஞ்சினால் சுழியத்தைக் கொட்டி நிரப்பிவிடும். முன்பக்கமும் இதே கதைதான். லேம் என்ற எம்பி3 என்கோடர் (சுருக்கும் நிரல்) 576 சாம்பிள் தாமதம் சேர்க்கும், டிகோடர் (விரிக்கும் நிரல்) தன் பங்குக்கு 529. ஆக 1105, 48 கிலோஹெர்ட்ஸில் 23 மில்லிவினாடி, 44.1-இல் 25. பின்பக்க நிரப்பலையும் கூட்டினால் ஓர் இணைப்புக்கு 50-ஐத் தொடலாம்.

50 மில்லிவினாடி எல்லாம் ஒரு கணக்கா என்று தோன்றும். மிருதங்கத்தில் வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) ஓடும் ஆதி தாளத்தில் ஓர் அட்சரம் 750 மில்லிவினாடி. தனி ஆவர்த்தனத்தில் (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) மேல்காலத்தில் அட்சரத்துக்கு 8 சொல் (மிருதங்க அடி) விழுந்தால் சொல்லுக்குச் சொல் 94. அதாவது நீங்கள் நுழைக்கும் வெற்றிடம் அரைச் சொல்லுக்கு மேல். தாளம் போட்டுக் கேட்கிறவருக்குக் கை தடுக்கும். தாளமே தெரியாதவருக்கும் தம்பூரா நின்றது காதில் விழும், ஏனென்றால் கச்சேரியில் நிற்காமல் ஒலிப்பது அது ஒன்றுதான்.

லேம் இதை அறிந்தே, முன்னால் எத்தனை சாம்பிள் தள்ளவேண்டும், பின்னால் எத்தனை என்று கோப்பின் தலைப்பில் எழுதிவைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர் ஒட்டு தெரியாமல் ஓட்டும். நீங்கள் எம்பி3 ஆன பிறகு வெட்டியதால் அந்தக் குறிப்பு துண்டுகளில் இல்லை, அல்லது தப்பாக இருக்கிறது.

'டிக்' தனிக் கதை. எம்பி3-இல் ஒரு ஃபிரேமுக்கு இடம் போதாவிட்டால் தன் தரவில் கொஞ்சத்தை முந்தின ஃபிரேமில் காலியாக இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளும். வெட்டியதும் அந்தக் கொஞ்சம் முந்தின கோப்போடு போய்விடுகிறது. அடுத்த கோப்பின் முதல் ஃபிரேம் பாதிச் சரக்கோடு நிற்கிறது. டிகோடர் அதை மௌனமாக விடும், அல்லது துப்பும்.

வேவ் மூலம் கையில் இருக்கும்போது எம்பி3 துண்டுகளைத் தூக்கிப் போடுங்கள். எம்பி3 மட்டுமே கையில் உள்ளவர்கள் பிகட்எம்பி3 என்ற சிறு கருவியைப் பார்க்கலாம். அது வெட்டும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் லேம் குறிப்பைப் புதிதாக எழுதும். எம்பி3-ஐ விரித்து, வெட்டி, திரும்ப எம்பி3 ஆக்குவது மட்டும் வேண்டாம். இரண்டாம் முறை தரம் விழும்.

கம்போங்_பாரு_ரேடியோ:
இவ்வளவு எதுக்குண்ணே? கைப்பேசியில கிராஸ்ஃபேட் 2 நொடி வைச்சா எல்லாம் மூடிப்போயிடும் லா.

பிரிக்ஃபீல்ட்ஸ்_சுருதி:
மூடும், மேலே இன்னொன்றைப் போட்டு. கிராஸ்ஃபேட் என்பது முந்தின துண்டின் கடைசி 2 நொடியையும் அடுத்ததன் முதல் 2 நொடியையும் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவது. சினிமாப் பாட்டுக்குச் சரி, இரண்டும் வேறு வேறு பதிவு. இங்கே அது ஒரே ஓட்டம். பிறை அண்ணன் சொன்ன வேகத்தில் 2 நொடி என்றால் ஏறக்குறைய இரண்டே முக்கால் அட்சரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பாடகர் தன்னோடு தானே பின்பாட்டுப் பாடுவார், மிருதங்கம் இரண்டாகக் கேட்கும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் 2 நொடி முன்னால் வந்துவிடும். இடைவெளியாவது நேர்மையான பிழை.

ஸ்பாட்டிஃபையில் இரண்டும் தனித்தனி அமைப்பு: கிராஸ்ஃபேட் 0 முதல் 12 நொடி வரை, கேப்லெஸ் (இடைவெளியில்லாமல் ஓட்டுவது) என்பது வேறு பொத்தான். முன்னதைப் பூஜ்யத்தில் வைத்துப் பின்னதைத் திறந்து வையுங்கள். பவர்ஆம்ப்பிலும் கிராஸ்ஃபேட் அணைத்து, கேப்லெஸ் திறந்து.

தண்ணீர்மலை:
வெட்டும் வேலையை முதலிலிருந்து சொல்கிறேன். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும்.

முதலில் அந்த இரண்டு கோப்பு. பல ரெக்கார்டர்கள் கோப்பு 2 ஜிபி ஆனதும் அடுத்ததைத் தானே தொடங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 2,88,000 பைட். 2 ஜிபி நிரம்ப 2 மணி 4 நிமிடம் 16 நொடி. உங்கள் முதல் கோப்பு அந்த நீளம்தானே? கச்சேரிக் கணக்கில் அது பெரும்பாலும் பிரதான உருப்படியின் நடுவிலோ தனியிலோ விழும். அங்கே பாட்டு மாறவில்லை, ரெக்கார்டருக்குத்தான் பை நிரம்பிவிட்டது. அதனால் வெட்டுவதற்கு முன் ஒட்டவேண்டும். ஒரே தடத்தில் முதல் கோப்பின் முடிவில் இரண்டாவதை முட்டவைத்து, இணைப்பைச் சாம்பிள் புள்ளிகள் தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். அலை வளைவு நேராகத் தொடர்ந்தால் சரி. படி இறங்கினாற்போல் ஒரு குதி இருந்தால் ரெக்கார்டர் அங்கே கொஞ்சம் விழுங்கியிருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, 2 அல்லது 3 மில்லிவினாடிக்கு மட்டும் மென்மையாக்கி 'டிக்' கேட்காமல் செய்யலாம்.

இரைச்சல் நீக்கம், ஈக்வலைசர், ஒலியளவு ஏற்றம், 44.1-க்கு மாற்றுவது எதுவானாலும் முழுக் கோப்பில் செய்து முடித்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். வெட்டிய பிறகு துண்டு துண்டாக ரீசாம்பிள் (சாம்பிள் ரேட் மாற்றம்) செய்தால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஃபில்டருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று தெரியாது, ஓரம் நசுங்கும். நார்மலைஸ் (ஒலியளவைக் குறித்த உச்சத்துக்கு ஏற்றுவது) துண்டுக்குத் துண்டு செய்தால் ஆலாபனை ஓர் அளவு, கிருதி ஓர் அளவு. ஓரங்களில் ஃபேட் இன், ஃபேட் அவுட் போடவே போடாதீர்கள்.

பிறகு லேபிள். முதல் லேபிளைப் பூஜ்யத்தில் வையுங்கள். கர்சரை வெட்டும் இடத்தில் வைத்து கன்ட்ரோல் + பி, உருப்படியின் பெயர். கர்சர் புள்ளியாக இருக்கவேண்டும், பகுதி எதுவும் தேர்வாகி இருக்கக்கூடாது. புள்ளி லேபிள் அடுத்த லேபிள் வரை தானே போகும். பகுதி லேபிள் அந்தப் பகுதியோடு நின்றுவிடும், அதற்கும் அடுத்த லேபிளுக்கும் நடுவில் உள்ளது எந்தக் கோப்பிலும் வராது.

எக்ஸ்போர்ட் ஆடியோவில் பல கோப்புகள், லேபிள்படி, ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்), 24 பிட். சாம்பிள் ரேட் 48000 என்றே இருக்கிறதா பாருங்கள். ஒலியில் எந்த மாற்றமும் செய்யாதவர்கள் தர அமைப்பில் டிதர் (பிட் குறைக்கும்போது கலக்கும் மெல்லிய இரைச்சல்) என்பதை 'இல்லை' ஆக்கினால் மூலத்தோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போகும்.

வெட்டும் இடம் பற்றி என் கட்சி: கைதட்டல் முந்தின பாட்டுக்குச் சொந்தம். தட்டல் அடங்கி, மிருதங்கக்காரர் சுருதி தட்டிப் பார்க்கும் முன் வெட்டுங்கள். ஆலாபனைக்கும் கிருதிக்கும் நடுவில் வெட்டலாம், வயலின் ஆலாபனை முடிந்த மூச்சில். ராகம் தானம் பல்லவியை மூன்றாக்கலாம். தனி ஆவர்த்தனத்தைத் தனித் துண்டாக்குகிறவர்கள் முடிவில்தான் தப்பு செய்கிறார்கள். கோர்வை (தனியின் முடிவுக் கோவை) எடுப்பில் (பாட்டு வரி தொடங்கும் இடத்தில்) போய் விழுகிறது. அந்த விழும் இடத்தில் கத்தி வைத்தால், தனியை மட்டும் கேட்பவருக்கு விழுந்த ஒலியே கிடைக்காது. பாடகர் எடுத்து ஓர் ஆவர்த்தனம் போகட்டும்.

செந்தூல்வாசி:
நன்றி ஐயா. முதல் கோப்பு 2:04:16 தான். தனியின் நடுவிலேயே விழுந்திருக்கிறது. ஃபிளாக்கிலும் இந்த நிரப்பல் தொல்லை உண்டா?

பிறை_பொறியாளர்:
இல்லை. ஃபிளாக் மொத்தச் சாம்பிள் எண்ணிக்கையைத் தலைப்பில் வைத்திருக்கும், கடைசி பிளாக் எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம், நிரப்பவேண்டிய அவசியமே கிடையாது. வேவ், ஆப்பிள் லாஸ்லெஸ் அப்படியே.

இடம் போதாமல் சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஃபிளாக் துண்டுகளிலிருந்து சுருக்குங்கள். ஏஏசி, ஓபஸ் இரண்டும் எம்பி3 போன்ற சுருக்க வடிவங்கள். ஏஏசி 1024 சாம்பிள் ஃபிரேம். ஆப்பிள் என்கோடர் முன்னால் 2112 சாம்பிள் சேர்க்கும், அதைக் குறிச்சொல்லில் எழுதிவைக்கும். ஐடியூன்ஸ் 7 வந்த 2006 முதல் ஆப்பிள் பிளேயர்கள் அதை மதிக்கின்றன. ஓபஸ் தலைப்பிலேயே எத்தனை சாம்பிள் தள்ளவேண்டும் என்று கட்டாயமாக இருக்கும், உள்ளுக்குள் எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸ், உங்கள் பதிவுக்கு ரீசாம்பிளே வேண்டாம். எம்பி3 தான் வேண்டுமென்றால் லேமில் 'நோகேப்' என்ற தெரிவில் 14 துண்டையும் ஒரே கட்டளையில் வரிசையாகக் கொடுங்கள். ஒன்றின் கடைசி ஃபிரேமை அடுத்ததன் தொடக்கத்தால் நிரப்பும், சுழியத்தால் அல்ல.

பிரிக்ஃபீல்ட்ஸ்_சுருதி:
இனி பிளேயர். கோப்பு சரியாகிவிட்டால் மிச்சம் இருக்கும் இடைவெளி எல்லாம் பிளேயர் ஒரு கோப்பை மூடி, ஒலிக்கருவியை விட்டு, அடுத்ததைத் திறக்கும் நேரம்தான். வி.எல்.சி. 3 அப்படித்தான் செய்யும், ஃபிளாக் கொடுத்தாலும். படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஃபூபார்2000 என்ற பிளேயர், எந்த அமைப்பையும் தொடாமலே இடைவெளி விடாது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருப்பவர்களுக்கு எம்.பி.டி., மூட், வால்யூமியோ என்ற மென்பொருள்கள். கோடி (Kodi) என்ற மீடியா மென்பொருளில் பாட்டு ஓட்டும் பகுதியும் சரி. ஐபோனில் அதன் சொந்த மியூசிக் செயலி போதும், ஆண்ட்ராய்டில் பவர்ஆம்ப்.

புளூடூத்தைப் பலர் குற்றம் சொல்வார்கள். கைப்பேசி பாட்டுகளைச் சேர்த்து ஒரே ஓடையாகத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது, பாட்டு மாறுவது ஸ்பீக்கருக்குத் தெரியவே தெரியாது.

இடைவெளி போன பிறகும் ஒன்று உறுத்தலாம்: இணைப்பில் தம்பூரா நிற்காது, ஆனால் திடீரென்று பெரிதாகும் அல்லது சிறிதாகும். ரீப்ளேகெயின் (பாட்டுகளின் ஒலியளவைத் தானே சமப்படுத்தும் வசதி) 'டிராக்' முறையில் இருந்தால் அப்படி. ஆலாபனை மெலிது என்று அதை ஏற்றும், தனி பலம் என்று அதை இறக்கும். 14 துண்டையும் ஒரே ஆல்பமாக ஸ்கேன் செய்து, பிளேயரில் 'ஆல்பம்' முறை வையுங்கள். எல்லாத் துண்டுக்கும் ஒரே ஏற்ற இறக்கம்.

பட்டர்வொர்த்_டெக்:
நெட்வொர்க்கில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். டி.எல்.என்.ஏ.வில் (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டை வேறு கருவிக்கு அனுப்பும் முறை) 'அடுத்த பாட்டு இது' என்று முன்கூட்டியே சொல்லும் கட்டளை ஒன்று உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. பெறும் பெட்டிக்கு அது தெரியாவிட்டால் பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்த முகவரி போகும். பபிள்யுபிஎன்பி என்ற ஆண்ட்ராய்டு செயலியில் அந்தப் பெட்டியின் அமைப்புக்குள் கேப்லெஸ் கன்ட்ரோல் இருக்கிறது, திறந்து பாருங்கள். திறந்தும் நின்றால் பெட்டிக்கு அந்தக் கட்டளை தெரியாது, அவ்வளவுதான்.

டாக் (டிஜிட்டல் கோப்பை ஒலி அலையாக்கும் தனிக் கருவி) வைத்திருப்பவர்கள் 14 துண்டும் ஒரே சாம்பிள் ரேட்டா பாருங்கள். ஒன்று மட்டும் 44.1 ஆனால் டாக் பழைய ரேட்டை விட்டுப் புதியதற்கு மாறும், அந்த நேரம் மௌனம். லோ யாட் மின்னணுக் கடைத்தொகுதியில் எவ்வளவு ரிங்கிட் கொடுத்து வாங்கினாலும் இதில் மாற்றமில்லை.

கம்போங்_பாரு_ரேடியோ:
சரிண்ணே, கிராஸ்ஃபேட் பேச்ச விட்டுட்டேன். காருக்கு என்ன வழி? கேஎல்லுல ஏறி பினாங்கு பாலம் போறதுக்குள்ள ஒரு கச்சேரி முழுசா முடியும், அதுக்காகத்தானே இதெல்லாம்.

தண்ணீர்மலை:
காரில் வெட்டாதே என்பதுதான் வழி. பல கார் ரேடியோக்கள் லேம் குறிப்பையும் பார்க்காது, கோப்பை முன்கூட்டித் திறக்கவும் திறக்காது. ஃபிளாக்கோ எம்பி3-ஓ, ஒவ்வோர் இணைப்பிலும் நிற்கும். அதற்கென்று தனியாக ஒரு தொகுப்பு செய்யுங்கள். கைதட்டல் வரும் இடங்களில் மட்டும் பிரித்து, ஆலாபனையும் கிருதியும் தனியும் சேர்ந்த உருப்படி ஒரே கோப்பு. 14 துண்டு 7 அல்லது 8 ஆகும். கைதட்டலுக்குப் பிறகு வரும் மௌனம் யாருக்கும் உறுத்தாது. உங்கள் பதிவு 320-இல் முழுசும் 408 எம்பி தான்.

கார் விஷயத்தில் இடைவெளியோடு சேர்ந்தே வரும் இன்னும் சில. சில ரேடியோக்கள் பெயர் வரிசையைப் பார்க்காது, தம்ப்டிரைவில் எந்த வரிசையில் நகல் ஆனதோ அந்த வரிசையில் ஓட்டும். வர்ணம் முடிந்ததும் மங்களம் பாடும்! 01, 02 என்று பெயர் வைத்து, காலி டிரைவில் ஒவ்வொன்றாக வரிசையாக நகல் செய்யுங்கள், அல்லது ஃபேட்சார்ட் என்ற கருவியை ஓட்டுங்கள். தமிழ்ப் பெயர்கள் பல ரேடியோவில் கட்டம் கட்டமாகத் தெரியும், காருக்கான நகலில் மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது உத்தமம். ஒவ்வொரு கோப்பிலும் 5 எம்பி அட்டைப்படம் ஒட்டியிருந்தால் ரேடியோ அதைத் தாண்டித்தான் பாட்டைத் தொடும். 500க்கு 500 பிக்சல் போதும்.

அல்லது கைப்பேசியில் பவர்ஆம்ப் போட்டுப் புளூடூத்தில் அனுப்புங்கள். அப்போது 14 துண்டும் அப்படியே ஓடும்.

மலர்_பெட்டாலிங்:
கோயில் கமிட்டி பெரியவர்களுக்கு சிடியாகத்தான் கொடுக்கவேண்டும். எரிக்க ஐஎம்ஜிபர்ன் என்ற மென்பொருள் இருக்கிறது. வேறென்ன கவனிக்கவேண்டும்?

பிறை_பொறியாளர்:
அக்கா, சிடியில் கணக்கு வேறு. அதில் நொடிக்கு 75 செக்டர், ஒரு செக்டருக்கு 588 சாம்பிள். துண்டு செக்டர் எல்லையில் முடியாவிட்டால் மிச்சத்தைச் சுழியத்தால் நிரப்பும், அங்கே ஒரு 'டிக்'. ஆகவே வரிசை இப்படி: முழுக் கோப்பை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஆக்குங்கள் (இங்கே டிதர் வேண்டும்). ஆடாசிட்டியில் ஸ்னாப் என்பதைத் திறந்து சிடிடிஏ ஃபிரேம் என்று வைத்து, அதன் பிறகு லேபிள்களை இடுங்கள். முன்பே இட்ட லேபிள் தானாக நகராது. எரிக்கும்போது டிஸ்க்-அட்-ஒன்ஸ் (முழு வட்டையும் ஒரே மூச்சில்). டிராக்-அட்-ஒன்ஸ் ஆனால் பாட்டுக்குப் பாட்டு 2 நொடி நுழையும். ஐஎம்ஜிபர்னில் கியூ கோப்பு (பாட்டுகளின் வரிசைப் பட்டியல்) உண்டாக்கும்போது முதல் பாட்டைத் தவிர மற்றவற்றின் முன் இடைவெளி பூஜ்யம் என்று பாருங்கள்.

170 நிமிடம் இரண்டு 80 நிமிட வட்டில் அடங்காது. மூன்றாக்குங்கள், வட்டு மாறும் இடம் கைதட்டலாக இருக்கட்டும்.

பின்னாளில் அந்த வட்டிலிருந்து கணினிக்கு ஏற்றுகிறவர்கள் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் 'முன்பின் மௌனத்தை நீக்கு' என்ற தெரிவை அணைத்து வைக்கவேண்டும். இவ்வளவு பாடுபட்டதை அது ஒரு டிக்கில் கெடுத்துவிடும்.

செந்தூல்வாசி:
ஃபிளாக் 14 துண்டு தயார். ஃபூபாரில் ஓடுகிறது, 13 இணைப்பில் 12 சுத்தம். 8-க்கும் 9-க்கும் நடுவில் மட்டும் தம்பூரா ஒரு குதி குதிக்கிறது. மௌனம் இல்லை, குதிதான். எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிக்ஃபீல்ட்ஸ்_சுருதி:
மௌனம் இல்லாமல் குதித்தால் ஏதோ கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஃபூபாரில் 14 கோப்பையும் தேர்ந்தெடுத்து ப்ராபர்ட்டீஸ் பாருங்கள், மொத்த நீளம் சாம்பிள் கணக்கிலேயே வரும். ஒட்டிய மூலக் கோப்பின் எண்ணிக்கையோடு ஒரு சாம்பிள்கூட விலகாமல் ஒத்துப்போகவேண்டும்.

பிளேயர் மேலும் சந்தேகம் இருந்தால் ஆடாசிட்டியில் 440 ஹெர்ட்ஸ் சைன் ஒலி 30 நொடி உண்டாக்கி, கண்ட இடத்தில் மூன்றாக வெட்டி ஓட்டிப் பாருங்கள். கச்சேரியில் ஒளிந்துகொள்ளும் பிழைகூட அதில் ஊசி குத்தினாற்போல் கேட்கும்.

செந்தூல்வாசி:
சைன் சுத்தமாக ஓடுகிறது. கச்சேரியில் மூலத்தைவிட 21,600 சாம்பிள் குறைகிறது.

தண்ணீர்மலை:
48,000-ஆல் வகுத்தால் 0.45 நொடி. 8-ஆம் லேபிளைப் பாருங்கள். இழுத்துத் தேர்ந்தெடுத்துக் கேட்டுப் பார்த்த நிலையிலேயே கன்ட்ரோல் + பி அழுத்தியிருப்பீர்கள், அது பகுதி லேபிளாகி 9-க்கு அரை நொடி முன்னாலேயே நின்றிருக்கும். அதை அழித்து, புள்ளியாக இட்டு, எல்லாவற்றையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

செந்தூல்வாசி:
அதேதான் ஐயா. புள்ளியாக்கியதும் கூட்டுத்தொகை ஒத்துப்போகிறது, தம்பூரா 13 இடத்திலும் நிற்கவில்லை. காருக்கு 8 கோப்பாகத் தனி நகல் போட்டாயிற்று.